தொடர் கல்வியை வரவுப் பக்கத்திலிருந்து எடுங்கள்: நம் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்தின் தலைவருக்கும், செயலாளருக்கும், பொருளாளருக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவில் கை தூக்கும் உரிமையுள்ள சக பிசியோதெரபிஸ்ட்களுக்கும்,

வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் பொருளாளர் ஆண்டுக் கணக்கை வாசித்தபோது நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கையில் கொடுத்த தாளில் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். சந்தா, மாநாட்டுப் பதிவுக் கட்டணம், வைப்பு நிதி வட்டி என்று இறங்கிவந்த வரவுப் பட்டியலில் நான்காவதாக ஒரு வரி: தொடர் கல்வி. செலவுப் பக்கத்தில் அந்தப் பெயரே இல்லை. பேச்சாளர் மதிப்பூதியம், இணையதளச் செலவு எல்லாம் கழித்த மிச்சத்தை வரவில் காட்டியிருக்கிறார்கள். கணக்கு எழுதும் முறைப்படி அதில் தவறு கிடையாது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் பழைய ஆண்டறிக்கைகளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 2020-இலும் 2021-இலும்கூட அந்த வரி வரவுப் பக்கத்தில்தான் இருக்கிறது. மற்ற ஆண்டுகளைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

நம்மில் பலருக்கு வருமானம் நின்றுபோன இரண்டு ஆண்டுகளில், நமக்குக் கற்றுக்கொடுத்து நம் சங்கம் லாபம் பார்த்திருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. எப்போதும் நடப்பது போலவே நடக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அடுத்த பெருந்தொற்றில் அப்படி விடாமல், தொடர் கல்வியை உறுப்பினர் எல்லோருக்கும் கட்டணமின்றித் திறக்க வேண்டும் என்று கேட்பதற்காகத்தான் இந்த மடல்.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று சொன்னது. அடுத்த வாரம் என் கிளினிக்கை மூடினேன். தொட்டுச் செய்கிற தொழில் நம்முடையது. முதுகு வலிக்காரரை ஆறடி தள்ளி நிற்கவைத்து ஒன்றும் செய்ய முடியாது. பதினொரு வாரம் கதவு திறக்கவில்லை. வாடகையும் உதவியாளர் சம்பளமும் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சமயத்தில் மூன்று மின்னஞ்சல்கள் வந்தன. ஆண்டு மாநாடு ரத்து என்றது முதலாவது. அதில் கிடைக்கும் தொடர் கல்விப் புள்ளிகளை நம்பித்தான் நான் அந்த ஆண்டை ஓட்டியிருந்தேன். பதிவைப் புதுப்பிக்க இத்தனை புள்ளிகள் குறைகின்றன என்று நினைவூட்டியது இரண்டாவது. கெடுவை நீட்டித்தது எல்லாம் பிற்பாடு. மூன்றாவது, நம் சங்கத்திலிருந்து: நுரையீரல் மறுவாழ்வு குறித்த இணையவழிச் சான்றிதழ் பயிற்சி, உறுப்பினர்களுக்குச் சிறப்புத் தள்ளுபடி.

தள்ளுபடி என்ற சொல்லைப் பார்த்ததும் என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

சரி, நான் வீட்டில் உட்கார்ந்திருந்தவள். எனக்குப் பணம்தான் போனது. என்னிடம் முன்பு வேலை பார்த்த ஒரு பெண், அப்போது ஒரு பெரிய மருத்துவமனையில் எலும்புப் பிரிவின் புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புறநோயாளிப் பிரிவை மூடியதும் அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரே இரவில். படித்து முடித்து எட்டு ஆண்டுகளாக அவள் செயற்கை சுவாசக் கருவியின் பக்கம் போனதில்லை. முதல் ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் எனக்குப் போன் செய்தாள். "அக்கா, கவிழ்த்துப் படுக்க வைக்கிறார்கள். கையை எப்படி வைப்பது என்று என்னைக் கேட்கிறார்கள். பிசியோதானே, உனக்குத் தெரியாதா என்கிறார்கள்."

அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான். நுரையீரல் கடுமையாகப் பாதித்து செயற்கை சுவாசத்தில் இருப்பவரை நாளுக்குப் பதினாறு மணி நேரமாவது கவிழ்த்துப் படுக்க வைத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று 2013-லேயே, பெரும்பாலும் பிரான்ஸ் மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு காட்டிவிட்டது. 28 நாள்களுக்குள் இறந்தவர்கள் மல்லாந்து படுத்த குழுவில் 32.8 சதவீதம், கவிழ்ந்து படுத்த குழுவில் 16 சதவீதம். ஏழு ஆண்டுப் பழைய செய்தி. அப்படிக் கவிழ்த்தவரின் ஒரு கையை மேலே, ஒரு கையைக் கீழே வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை தலையையும் கையையும் மாற்றாவிட்டால் தோள்பட்டை நரம்புப் பின்னல் இழுபட்டு, பிழைத்து எழுந்தவருக்குக் கை செயலிழந்துபோகலாம். அது முழுக்க முழுக்க நம் வேலை. ஆனால் முழங்காலும் முதுகும் பார்க்கிற நமக்கு அந்த வகுப்பு எப்போதும் "விருப்பமுள்ளவர்களுக்கு" என்றே இருந்தது. விருப்பமுள்ளவர்கள் காசு கட்டினார்கள்.

அன்று இரவு அவளும் நானும் வீடியோ அழைப்பில், என் வீட்டுத் தலையணையை நோயாளியாக்கி, கற்றுக்கொண்டோம். கையில் இருந்தது ஓர் இலவச ஆவணம். தீவிர சிகிச்சையில் கோவிட் நோயாளிகளுக்கு பிசியோதெரபிஸ்ட்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து எழுதிய பரிந்துரை. ஒரு பிசியோதெரபி ஆய்விதழ் அதை 2020 ஏப்ரல் இதழில் வெளியிட்டு, யாரும் படிக்கலாம் என்று திறந்துவிட்டிருந்தது. பிறகு அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. அதை எழுதியவர்களில் பலரும் நம்மைப் போல் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தவர்கள்தான். அவர்களிடம் நமக்கு இல்லாத வசதி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. சங்கம் நினைத்திருந்தால் அந்த ஆவணத்தை வைத்து ஒரு வாரத்தில் ஒரு மணி நேரப் பாடம் தயாரித்து எல்லோருக்கும் அனுப்பியிருக்க முடியும்.

இங்கே பொருளாளர் குறுக்கிடுவார் என்று தெரியும். பொதுக்குழுவிலேயே சொன்னார்: "எல்லாம்தான் இலவசமாகக் கிடைத்ததே, பிறகு சங்கம் எதற்குச் செலவழிக்க வேண்டும்?" கேள்வி நியாயமானது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் தொடங்கிய ஓப்பன் டபிள்யூஹெச்ஓ என்ற கற்றல் தளத்தில் புதிய வைரஸ் பற்றிய முதல் பாடம் 2020 ஜனவரி மாதமே, பெருந்தொற்று என்ற அறிவிப்பு வருவதற்கு ஆறு வாரம் முன்பே, வந்துவிட்டது. கட்டணம் கிடையாது. ஆய்விதழ்கள் கோவிட் கட்டுரைகளைத் திறந்துவிட்டன. பல்கலைக்கழகங்கள் பாடங்களை அள்ளிக் கொடுத்தன. யூடியூபைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கஷ்டம் அதில்தான் இருந்தது. அள்ளிக் கொட்டியதில் எது நமக்கானது, எது நேற்றே காலாவதியானது என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை. 2020 ஜூன் மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 5-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் முகக்கவசம் பற்றிய தன் பழைய ஆலோசனையை மாற்றி, தொற்று பரவலாக உள்ள இடங்களில் பொதுமக்களும் துணிக்கவசம் அணிய வேண்டும் என்றது. 15-ஆம் தேதி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைக் கோவிட்டுக்குப் பயன்படுத்தக் கொடுத்திருந்த அவசர அனுமதியைத் திரும்பப் பெற்றது. மறுநாள், டெக்சாமெதசோன் என்ற பழைய, மலிவான மருந்து தீவிர நோயாளிகளின் இறப்பைக் குறைக்கிறது என்று ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து செய்தி வந்தது. பதினைந்து நாளுக்குள் இவ்வளவு. மே மாதத்தில் காசு கட்டி எடுத்த பாடத்தின் சான்றிதழ் அச்சாகி வருவதற்குள் பாடமே பழசாகிவிட்டது. இப்படிப்பட்ட காலத்தில் ஒரு பாடத்தை ஒருமுறை விற்பது பொருந்தாது. வாரா வாரம் திருத்தி, திருத்திய தேதியைப் போட்டு, ஏற்கெனவே படித்தவருக்கும் மறுபடி அனுப்ப வேண்டும். அதை ஒவ்வொரு முறையும் விலை போட்டுச் செய்ய முடியுமா?

இன்னொன்று, புள்ளிகள். இலவசமாக எவ்வளவு படித்தாலும், அங்கீகரித்த அமைப்பு முத்திரை வைக்காவிட்டால் பதிவுப் புதுப்பித்தலில் அது சைபர். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன அந்தப் பெண் அங்கே மூன்று மாதத்தில் கற்றது அவள் வாழ்நாளில் கற்றதைவிட அதிகம். அவள் கணக்கில் ஏறிய புள்ளி ஒன்றுகூட இல்லை. பிறகு புள்ளிக்காக, தனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பாடத்தைக் காசு கொடுத்து வாங்கி, வீடியோவை ஓடவிட்டுவிட்டுத் தூங்கினாள். இதைச் சொல்ல அவள் அனுமதி கொடுத்திருக்கிறாள், பெயரைச் சொல்ல மட்டும் கூடாதாம்.

இப்போது எனக்கே கூச்சமான ஒன்றைச் சொல்ல வேண்டும். கிளினிக் திறந்த பிறகு, கோவிட் வந்து தேறிய ஒருவர் வந்தார். நடுத்தர வயது, முன்பு தினமும் ஓடியவர். படியேறினால் சோர்வு, மூச்சிரைப்பு. நான் என்ன செய்வேன்? நமக்கெல்லாம் ஊறிப்போனதைச் செய்தேன். தினமும் நேற்றைவிட ஐந்து நிமிடம் கூடுதலாக நடங்கள் என்றேன். மூன்றாம் நாள் அவர் மனைவி போன் செய்தார்; படுக்கையைவிட்டு எழ முடியவில்லை என்று. நான்கு நாள் அப்படியே கிடந்தார். உழைப்புக்கு அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ அறிகுறிகள் மோசமாகிற நிலை அது. அப்படிப்பட்டவரிடம் படிப்படியாகக் கூட்டுகிற நம் வழக்கமான உடற்பயிற்சி எதிராகத் திரும்பிவிடும். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு, கோவிட்டுக்குப் பிந்தைய சோர்வுக்கு அந்த முறையை அப்படியே பொருத்திவிட வேண்டாம் என்று 2020 ஜூலையிலேயே எச்சரித்திருந்தது. எனக்கு அது தெரியாது. நான் அவரை நடக்கச் சொன்னது செப்டம்பரில்.

தவறு என்னுடையது. சங்கத்தின் மேல் போடவில்லை. ஆனால் நோயாளியின் சக்தியை அளந்து செலவழிக்கக் கற்றுக்கொடுப்பது பற்றிய ஒரு வகுப்பு சங்கத்தின் தளத்தில் அந்த ஆகஸ்டிலிருந்தே கிடந்தது என்பதைப் பிற்பாடு பார்த்தேன். பூட்டுப் படத்தோடு. கட்டணம் செலுத்தினால் திறக்கும். கோவிட்டுக்குப் பிந்தைய நிலைக்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு மருத்துவ வரையறையே 2021 அக்டோபரில்தான் கொடுத்தது. அதுவரை இருட்டில் கை நீட்டி நடந்த நம்மிடம் விளக்கு இருந்தும் வாடகைக்கு விட்டிருக்கிறோம்.

பணத்துக்கு வருகிறேன். இணையவழிப் பாடத்தில் செலவு எங்கே போகிறது? பாடம் எழுதுபவருக்கு, சரிபார்ப்பவருக்கு, பதிவு செய்து வசன வரி போடுபவருக்கு, தளத்துக்கு. இருநூறு பேர் பார்த்தாலும் இரண்டாயிரம் பேர் பார்த்தாலும் இதில் பெரிதாக ஒன்றும் மாறாது. மாநாட்டு மண்டபம் அப்படியில்லை. ஒருவர் கூடினால் ஒரு நாற்காலி கூட வேண்டும். ஆக, கட்டணம் போட்டு ஆயிரம் பேரை வெளியே நிறுத்துவதால் சங்கத்துக்கு ஒரு செலவும் மிச்சமாவதில்லை. கட்டண வரவு மட்டும்தான் கிடைக்கிறது. அந்த வரவு இல்லாமல் இரண்டு மூன்று ஆண்டு தாக்குப்பிடிக்க முடியுமா என்பதுதான் உண்மையான கேள்வி.

முடியும் என்று நம் ஆண்டறிக்கையே சொல்கிறது. லாப நோக்கமற்ற அமைப்புகள் மூன்று முதல் ஆறு மாத நடைமுறைச் செலவுக்கான பணத்தைக் காப்பு நிதியாக வைத்திருப்பது நல்லது என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. நம்முடையது அதைத் தாண்டிப் பல ஆண்டு ஆகிறது. மாநாடு நடக்காத ஆண்டில் மண்டபம், பயணம், தங்குமிடம் எல்லாம் மிச்சம். அந்த மிச்சமும் காப்பு நிதியில்தான் போய்ச் சேர்ந்தது. காப்பு நிதி எதற்கென்று நம் விதிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது: "எதிர்பாராத நெருக்கடிகளுக்கு". பெருந்தொற்றைவிட எதிர்பாராத நெருக்கடி இனி எது வரக் காத்திருக்கிறோம் என்று தெரியவில்லை.

ஒரு வழியை மட்டும் இப்போதே அடைத்துவிட வேண்டும். நீங்கள் கைவிரித்தால் கருவி நிறுவனங்களும் மருந்து நிறுவனங்களும் ஓடி வந்து கொடுக்கும். வகுப்பு இலவசம், நடுவில் அவர்கள் கருவியின் படம். அமெரிக்காவில் மருத்துவத் தொடர் கல்விக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பு 2020 டிசம்பரில் வெளியிட்ட விதிகளில், பாடத்தின் உள்ளடக்கத்தில் வணிக நிறுவனங்களுக்குக் கை இருக்கக் கூடாது என்று கறாராக எழுதியிருக்கிறது. எது வேலை செய்கிறது என்று யாருக்குமே சரியாகத் தெரியாத காலத்தில் விற்பவரிடம் பாடம் கேட்பது போல ஆபத்து வேறில்லை. அப்படிக் கிடைக்கும் இலவசத்தைவிட, கட்டணமே இருந்துவிட்டுப் போகட்டும் என்பேன்.

"இலவசம் என்றால் மதிப்பிருக்காது, பதிவு செய்துவிட்டு யாரும் வர மாட்டார்கள்." இதுவும் பொதுக்குழுவில் கேட்டதுதான். பாதி உண்மை. திறந்த இணையப் பாடங்களில் சேர்பவர்களில் முடிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பது எல்லா இடத்திலும் பார்த்த விஷயம். ஆனால் காசு கட்டியவர் வீடியோவை ஓடவிட்டுவிட்டு என்ன செய்கிறார் என்று மேலே ஓர் உதாரணம் சொல்லிவிட்டேன். வெறும் உரை கேட்பதால் மட்டும் யாருடைய சிகிச்சை முறையும் பெரிதாக மாறிவிடுவதில்லை; நோயாளி கதையை வைத்து விவாதித்தால், செய்து பார்த்தால், சில வாரம் கழித்து மறுபடி கூடிப் பேசினால் மாறுகிறது. எனவே மதிப்பைக் கட்டணத்தில் தேடாமல் பாடத்தின் வடிவத்தில் தேடுங்கள். இருபது நிமிடப் பாடம், நான்கு கேள்வி, அப்புறம் வாரம் ஒரு மாலை சிறு குழுவாக உட்கார்ந்து "இந்த வாரம் நான் பார்த்த நோயாளி" என்று பேசுவது. அதற்குப் புள்ளி கொடுங்கள். இரவு ஷிப்ட்காரருக்குப் பதிவும், இணையம் மெதுவாக உள்ளவருக்கு ஒலிக்கோப்பும் எழுத்து வடிவமும் இருக்கட்டும்.

இலவசம் என்பது கற்பவருக்கு. கற்பிப்பவருக்கு அல்ல. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2020-இல் மூத்தவர்கள் பலரிடம் "சேவையாக நினைத்துப் பேசுங்கள்" என்று கேட்டுவிட்டு, அதே வகுப்புக்கு உறுப்பினர்களிடம் கட்டணம் வாங்கினார்கள். பேசியவர்களில் இருவர் எனக்குச் சொன்னது இது. பாடம் எழுதுவோருக்கும், வாரா வாரம் அதைத் திருத்துவோருக்கும் மதிப்பூதியம் கொடுக்க வேண்டும். வருமானம் நின்ற உறுப்பினர்களிலிருந்தே அவர்களைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது.

சந்தா பாக்கி விஷயமும் இருக்கிறது. கட்ட முடியாமல் போனவர்களின் உறுப்பினர் எண் தானாக முடங்கியது. எண் முடங்கியதும் தளத்தின் கதவும் அடைத்துக்கொண்டது. யாருக்கு மிகவும் தேவைப்பட்டதோ அவர்கள்தான் வெளியே நின்றார்கள். பிள்ளைகளின் பள்ளி மூடியதால் வேலையை விட்ட பெண்கள் அதில் எத்தனை பேர் என்று சங்கம் எண்ணிப் பார்த்ததா தெரியவில்லை. எண்ணியிருந்தால் ஆண்டறிக்கையில் வந்திருக்கும்.

ஆகவே நான் கேட்பது விதிப் புத்தகத்தில் ஒரு புதிய துணை விதி. அந்த நேரத்தில் கூடிப் பேசி முடிவெடுக்கலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம். முதல் இணையவழிச் செயற்குழு நடக்கவே மூன்று மாதம் ஆனது. எப்போது இந்த விதி உயிர் பெறும் என்பதில் சண்டை வராமல் இருக்க ஒரு நல்ல அளவுகோலும் இப்போது இருக்கிறது. 2024 ஜூனில் திருத்திய சர்வதேசச் சுகாதார விதிமுறைகளில் "பெருந்தொற்று அவசரநிலை" என்று ஒரு புதிய படிநிலையைச் சேர்த்தார்கள்; அந்தத் திருத்தங்கள் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தன. உலக சுகாதார நிறுவனம் அதை அறிவித்த நாளிலிருந்து, யாரும் தீர்மானம் போடக் காத்திராமல், சங்கத்தின் தொடர் கல்வி உறுப்பினர் அனைவருக்கும் கட்டணமின்றித் திறக்க வேண்டும். சந்தா பாக்கி உள்ளவர்களுக்கும். நோயோடு நேரடியாகத் தொடர்புள்ள பாடங்கள் உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் திறந்திருக்கட்டும். புள்ளியை மட்டும் உறுப்பினருக்கு வைத்துக்கொள்ளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் கவிழ்ந்து கிடப்பவருக்குத் தன் கையைப் பிடித்திருப்பவர் சந்தா கட்டியவரா என்று தெரியாது.

எவ்வளவு காலத்துக்கு? கோவிட் அவசரநிலை 2020 ஜனவரி 30 முதல் 2023 மே 5 வரை இருந்தது. மூன்று ஆண்டு, மூன்று மாதம். அவ்வளவு நாளும் எல்லாப் பாடத்தையும் இலவசமாகக் கொடு என்று கேட்டால் பொருளாளர் சிரிப்பார், சிரிக்க வேண்டியதுதான். முதல் பதினெட்டு மாதம் எல்லாமே இலவசம். அதன் பிறகு நோய் சார்ந்த பாடங்களும், வருமானம் பாதித்ததாக ஒரு வரி எழுதிக் கொடுப்பவர்களுக்கு மற்றவையும் இலவசம். சான்று, நோட்டரி என்று இழுக்காதீர்கள். இதற்காக ஒவ்வோர் ஆண்டும் சந்தா வரவில் ஒரு சிறு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு வைத்தால், அந்த நாள் வரும்போது காப்பு நிதியில் கை வைக்கும் அளவு குறையும். பங்கு எவ்வளவு என்பதைப் பொருளாளரே சொல்லட்டும். அவரைவிட நன்றாக அது எனக்குத் தெரியாது.

தீர்மானத்தின் வரைவை எழுதி, விதிப்படி வேண்டிய முன்மொழிபவர், வழிமொழிபவர் கையெழுத்துகளோடு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். செயலாளரிடம் ஒரே ஒரு கோரிக்கை. சென்ற முறை உறுப்பினர் தீர்மானங்களையெல்லாம் "இதர விஷயங்கள்" என்று கடைசியில் வைத்தீர்கள். அதற்குள் பாதி நாற்காலி காலியாகி, கூட்டம் நடத்தப் போதிய உறுப்பினர்கள் இல்லை என்று தள்ளிப்போனது. இதைப் பொருளாளர் கணக்கு வாசிப்பதற்கு முந்தைய விஷயமாக வையுங்கள். வரவுப் பக்கத்தின் நான்காவது வரியை அவர் வாசிக்கும்போது எல்லோரும் அரங்கத்தில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
பத்தொன்பது ஆண்டுகளாகச் சந்தா கட்டிவரும் ஓர் உறுப்பினர்